நீலம், மஞ்சள், பிறகும் மஞ்சள்

அந்த வீடியோக்களில் தெரிகிற கை என்னுடையது. கேட்கிற குரல் என் நாத்தனாருடையது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரே பொம்பளை. இடியாப்ப அச்சில் மாவை நிரப்புகிறவளும், "உள்ளுக்குள்ள கொஞ்சம் எண்ணெய் தடவிக்கிடணும், கேட்டோ" என்று சொல்கிறவளும் ஒருத்திதான் என்று நினைத்துத்தான் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். அந்தப் பொம்பளையில் பாதி இப்போது உயிரோடு இல்லை என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்ல? நான் சொல்லவில்லை.

நாங்கள் இருப்பது கழக்கூட்டத்தில், ஹைவேயை விட்டு உள்ளே இறங்குகிற ஒரு சந்தில். ஐ.டி. பார்க் பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டல்களுக்கு நடுவில் ஒரு வாடகை வீடு. என் வீட்டுக்காரருக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. மாமனார் கட்டட வேலைக்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த இடத்திலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்து, வந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அத்தை மலையாளத்தை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருந்தார். மகள் அப்படியில்லை. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எங்களோடு தமிழ்தான் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் ஒரு 'கேட்டோ' வந்துவிடும். இங்கே எல்லாரும் சொல்வதுதான். 'சரியா' என்கிற மாதிரி, பதில் எதிர்பார்க்காமல் சொல்வது. அத்தைக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"எட்டி, அதென்ன எப்பப் பாத்தாலும் கேட்டோ கேட்டோன்னு? எனக்க காது என்ன செவிடா?" என்பார். சண்டை போடுகிற மாதிரி, "கேட்டேன், கேட்டேன், போதுமா?" என்றும் சேர்த்துக்கொள்வார். அவள் வேண்டுமென்றே இன்னும் நாலு தடவை சொல்லுவாள்.

அவள் ஐ.டி. பார்க்கில் ஒரு ஃபுட் கோர்ட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களையெல்லாம் வாயாலேயே விரட்டி, முப்பது தாண்டியும் எங்களோடேயே இருந்தவள். அங்கே சாப்பிட வருகிற பிள்ளைகளிடமிருந்துதான் இந்த வித்தையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "மைனி, நமக்குக் கடையும் வேண்டாம், சரக்கும் வேண்டாம். ஆன்லைன்ல கடைக்காரன் விக்கித சாமானை நாம வாங்கிப் பாத்து, நல்லதுன்னா நல்லதுன்னு சொல்லணும். நாம போடுத லிங்க் வழியா எவளாவது வாங்கினா அவன் நமக்கு ஒரு பங்கு தருவான். வாங்குதவளுக்கு விலை ஒண்ணும் ஏறாது, கேட்டோ. இதுக்குப் பேரு அஃபிலியேட் மார்க்கெட்டிங்" என்றாள்.

"நல்லதுன்னு சொன்னாலே காசு வருமா? அப்போ உங்க அண்ணனை நல்லவரு நல்லவருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேனே, எனக்கு எவன் தந்தான்?" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் தம்பானூருக்குக் கிளம்பிப் போனதும் எங்கள் படப்பிடிப்பு தொடங்கும். அடுக்களை ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும். போனை மேல்தட்டின் கைப்பிடியில் தலைமுடி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடுவாள். அவள் நகத்தைக் கடித்துக் கடித்துத் துப்புகிறவள். "மைனிக்க கைதான் லட்சணம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் கேமராவுக்குக் கீழே வைத்துவிட்டாள். குரலைத் தனியாகப் பதிவாள். ஹைவேயில் போகிற லாரிச் சத்தம் விழக் கூடாது என்று பீரோவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு பேசுவாள். வெளியிலிருந்து பார்த்தால் தலையில்லாத ஒரு உடம்பு நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கும். நானும் அத்தையும் கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அடக்க முடியாத சிரிப்பு ஒன்றிரண்டு வீடியோவில் இன்னும் கிடக்கிறது.

அவளுக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. எந்தச் சாமானாக இருந்தாலும் அதில் ஒரு குற்றமாவது சொல்லியே ஆக வேண்டும். "இந்த மாப் நல்லாத்தான் துடைக்கும், ஆனா குச்சி கொஞ்சம் குட்டை, நெட்டையான ஆளுங்களுக்கு முதுகு வலிக்கும், கேட்டோ" என்பாள். இப்படிச் சொன்னால் எவள் வாங்குவாள் என்று நான் கத்தினேன். அந்த மாப்தான் எல்லாவற்றையும் விட அதிகமாகப் போனது. இன்னொன்று, எங்கள் வீடியோ பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அத்தையை மனசில் வைத்துத்தான் பேசினாள். அதனால் எதையும் 'க்ளிக் பண்ணுங்க' என்று சொல்லமாட்டாள். நிறத்தைச் சொல்லுவாள்.

"கீழ நீலமா ஒரு எழுத்து இருக்கும். அதுல ஒரு தொடு. கடை திறக்கும். அங்க மஞ்சளா ஒண்ணு இருக்கும், அதைத் தொடு. பிறகும் ஒரு மஞ்சள் வரும், அதையும் தொடு. நீலம், மஞ்சள், பிறகும் மஞ்சள். அவ்வளவுதான். பாக்கி நான் பாத்துக்கிடுதேன், கேட்டோ." எல்லா வீடியோவும் இப்படித்தான் முடியும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட மகன், மருமகன் முகத்தைப் பார்க்காமல் சாமான் வாங்கியதாக வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள். அதைக் கேட்கிறபோது அவள் முகம் மலர்கிற மலர்ச்சி இருக்கிறதே, சம்பளம் வாங்கும் நாளில்கூட அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

வருகிற பணம் பெரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் அத்தையின் சர்க்கரை மாத்திரையும் கேஸ் சிலிண்டரும் அதில்தான் ஓடின, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அவள் சொன்ன எச்சரிக்கை ஒன்றே ஒன்றுதான். நம் வீட்டு ஆட்கள் நம் லிங்க் வழியாக எதையும் வாங்கக் கூடாது. நமக்கு நாமே வாங்கிக் கமிஷன் எடுக்கிறோம் என்று நினைத்துக் கடைக்காரன் அக்கவுண்டைப் பூட்டிவிடுவான். நான் தலையாட்டினேன். அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் எங்கள் சந்து முழுக்க ஓடைத் தண்ணீர் ஏறியது. அவள் அதில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துதான் வேலைக்குப் போய் வந்தாள். காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டாள். கண் மஞ்சளாகிப் போனதைப் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஓடியும் பிரயோஜனமில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தேங்காய்த் துருவி வீடியோ பாதியில நிக்கி மைனி" என்றாள். அதன் பிறகு பேசவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் யாராவது அவள் பேரைச் சொன்னால் போதும், அத்தை அப்படியே சரிந்துவிடுவார். தண்ணீர் தெளித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லி வைத்தார், அம்மை முன்னால் பேரைச் சொல்லாதீர்கள் என்று. சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அக்கம்பக்கம் கேட்டது. அவள் 'அவ' ஆனாள். 'பாவம், அந்த மகள்' ஆனாள். பதினாறு கழிந்த பிறகும் அப்படியே இருந்துவிட்டது. அத்தை இல்லாத இடத்தில்கூட எனக்கு அந்தப் பேர் வாயில் வராமல் போயிற்று. நல்லதுக்காகத்தான் செய்தோம், ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை.

பேர்தான் போனது. குரல் போகவில்லை. அவள் போன பிறகுதான் அந்த வீடியோக்கள் இன்னும் அதிகமாக ஓடின. எங்கேயோ ஒருத்தி நீலத்தைத் தொட்டு, மஞ்சளைத் தொட்டு, பிறகும் மஞ்சளைத் தொட்டால் என் போனில் ஒரு சின்ன மணி அடிக்கும். ஒரு சாமான் விற்றது என்று அர்த்தம். அரிசி களைந்துகொண்டிருப்பேன், மணி அடிக்கும். அவள் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருப்பேன், மணி அடிக்கும். செத்துப்போனவள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பணத்தில்தான் மாத்திரை வாங்கினேன். எனக்கு அது பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்கிற தைரியமும் இல்லை. மணிச் சத்தத்தை நிறுத்தி வைத்தேன். நிறுத்தின பிறகு, அடிக்காத மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

ஒரு தடவை மலைப்பக்கம் விதுராவில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எஸ்டேட் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருத்தி எனக்கு முன் சீட்டில் இருந்தாள். மடியில் போனை வைத்துக்கொண்டு வீடியோ பார்த்தாள். "குச்சி கொஞ்சம் குட்டை, கேட்டோ" என்று என் நாத்தனார் பஸ்ஸுக்குள் பேசினாள். அந்த அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "இந்தப் பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்லும்" என்றாள். திரையில் என் கை மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தது. நான் என் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்து மூடிக்கொண்டேன். இறங்கும்வரை வெளியே எடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பார்சல் வர ஆரம்பித்தது.

முதல் தடவை ஒரு மத்தியானம். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் நின்றது. டெலிவரிக்கு வருகிறவர் நரைத்த தலைக்காரர், முன்பு ஆட்டோ ஓட்டியவர், எங்கள் பக்கமெல்லாம் அவர்தான் வருவார். பார்சலைப் பார்த்து என் நாத்தனாரின் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார். இந்த ஊர் வழக்கப்படி பேருக்குப் பின்னால் மாமனாரின் இனிஷியலும் சேர்த்து, கடைசி எழுத்தை மலையாளத்தில் ஒரு இழுப்பு இழுத்து, "சேச்சி உண்டோ?" என்றார். என் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. மாசக்கணக்காக யார் வாயிலும் வராத பேர், சத்தமாக, வெயிலில் வந்து நிற்கிறது.

நான் அத்தை விழுந்துவிடுவார் என்று ஓடினேன். அத்தை எனக்கு முன்னால் கேட்டில் இருந்தார். விழவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு, "அவ இல்ல. நான் அவளுக்க அம்மை. தந்துட்டுப் போங்க" என்றார். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்துப் பார்சலை வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவள் சாவதற்கு முன்னால் ஏதோ ஆர்டர் போட்டிருப்பாள், வர நாளாகியிருக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கட்டிலுக்கடியில் இருந்த ஒன்றைத் திருட்டுத்தனமாக எடுத்து மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஆர்டர் போட்ட தேதி அந்த வாரத்துத் தேதி. வாங்கினவள் பேர் அவள் பேர். நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை, எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் என்னைக் கண்டால்தான் பயம் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் அன்று பீரோவைத் திறக்கப் பயந்தேன். நேற்றுக் கட்டின சேலையையே மறுபடியும் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு நாள் கழித்து அத்தையின் அறையைக் கடந்து போகும்போது அவள் குரல் கேட்டது. "நீலம், மஞ்சள், பிறகும் மஞ்சள்." எட்டிப் பார்த்தேன். அத்தை கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய பழைய போன். ரீசார்ஜ் செய்யாமல் அதில் அழைப்பு நின்று வெகுநாளாகிவிட்டது, வீட்டு வைஃபையில் வீடியோ மட்டும் ஓடும். அத்தை அழாமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று நான்தான் கையில் கொடுத்திருந்தேன். அவள் கடைக் கணக்கும் எங்கள் வீட்டு விலாசமும் அதிலேயே இருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. குரல் சொல்லச் சொல்ல அத்தையின் விரல் போய்த் தொட்டது. "பாக்கி நான் பாத்துக்கிடுதேன், கேட்டோ" என்று அவள் முடித்தாள். "கேட்டேன்" என்றார் அத்தை. சண்டை போடுகிற குரலில் இல்லை.

மகள் பாக்கியைப் பார்த்துக்கொள்கிறாள், அங்கேயிருந்து சாமான் அனுப்புகிறாள் என்று இந்த மனுஷி நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "போனை வாங்கி வச்சிரு" என்றார். நீங்களே வாங்குங்கள் என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அந்த வீட்டில் கஷ்டமான எதையும் என் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவுவது அவருக்குப் பழக்கம்தான்.

போனைப் பிடுங்க எனக்கும் மனசு வரவில்லை. அந்தச் சத்தத்தையாவது கேட்காமல் இருக்கலாமே என்று டெலிவரிக்காரரை ஒரு நாள் முக்கில் மறித்து நிறுத்தினேன். அந்தப் பேர்க்காரி இறந்துபோய்விட்டாள், இனி வாசலில் நின்று கூப்பிடாதீர்கள், என் நம்பருக்குப் போன் செய்யுங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நல்ல மனுஷன். ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "அறிஞ்ஞில்ல மோளே", தெரியாமல் போயிற்று மகளே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து போன் அடித்தார். நான் சந்து முனையில் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வந்து, சத்தமில்லாமல் அத்தையின் கட்டிலுக்கடியில் வைத்துவிடுவேன்.

அத்தைக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டைக் குறைத்தார். மத்தியானமெல்லாம் முன்வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார். அது வேறு எங்கேயோ போய்விடும். பார்சல் அதிகமாகிவிட்டது. முன்பு வாரத்துக்கு ஒன்று வந்தது, இப்போது இரண்டு மூன்று. ஒரே தேங்காய்த் துருவி மறுபடியும் மறுபடியும் வந்தது. ஒன்றையும் பிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கடைக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. உங்கள் லிங்க் வழியாக உங்கள் விலாசத்துக்கே சாமான் போகிறது, இனி ஒன்று போனாலும் அக்கவுண்டை மூடிவிடுவோம். மூடினால் எல்லா லிங்க்கும் செத்துவிடும். சேலைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவள் பேசிப் பேசி உண்டாக்கினது அத்தனையும் வெறும் பேச்சாகிப் போகும். எஸ்டேட்டில் இருக்கிற அந்த அம்மா நீலத்தைத் தொட்டால் ஒன்றும் திறக்காது. அவள் சொன்னது பொய் என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பணம் போனால் போகட்டும், அவளைப் பொய்க்காரி ஆக்க விடமாட்டேன்.

அத்தையின் அறைக்குப் போனேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். என் வாய் எப்போது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது? கட்டிலுக்கடியிலிருந்த பார்சலையெல்லாம் இழுத்துப் போட்டேன்.

"அத்தை, இதெல்லாம் அவ அனுப்பலை. நீங்க தொடுதீங்க, கடைக்காரன் அனுப்புதான். அவ இல்ல அத்தை. அவ போயிட்டா."

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியாதா மக்களே? நான்தானே குளிப்பாட்டினேன்."

"பின்ன எதுக்கு இதெல்லாம்? ஒண்ணையும் பிரிக்கக்கூட இல்லையே" என்றேன்.

"பிரிச்சு என்ன செய்ய? எனக்குச் சாமானா வேணும்?" என்றார். பார்சல் ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டியிருந்த தாளை விரலால் தடவினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. "இந்த வீட்டுல அவ பேரை யாரு சொல்லுதீங்க? நீ சொல்லுதியா? அவன் சொல்லுதானா? வாறவ போறவ எல்லாம் 'அவ'ங்கா, 'அந்த மகள்'ங்கா. அவளுக்கு ஒரு பேரு உண்டும் மக்களே. நான் வச்ச பேரு. அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னு முழுசாச் சொல்லுதாரு. இருக்காளான்னு கேக்குதாரு. அவ இல்ல, நான் அவளுக்க அம்மைன்னு நான் சொல்லுதேன். அதைச் சொல்லத்தான் தொட்டேன். இப்ப அவரும் விளிக்க மாட்டேங்காரு. ரெண்டா மூணா தொட்டுப் பாத்தேன். விளிக்கவே மாட்டேங்காரு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் பேர் சொல்லி விளிக்காதீர்கள், கூப்பிடாதீர்கள் என்று அவரிடம் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அத்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். "ஆங்" என்றார், அவ்வளவுதான்.

மெயில் விஷயத்தையும் சொன்னேன். "பூட்டிப்போட்டா அவ சத்தமும் போவுமா?" என்றார்.

"சத்தம் போவாது. அது வேற இடத்துல இருக்கு. லிங்க்தான் போவும். அவ உண்டாக்கினது ஒண்ணுக்கும் ஆகாமப் போவும்."

"அந்தப் பீரோக்குள்ள தலையை விட்டுக்கிட்டு வேர்த்து வடிய நின்னாளே" என்றார். பிறகு போனை என் மடியில் வைத்தார். "அந்தக் கடையை இதுல இருந்து எடுத்துப் போடு. சத்தம் மட்டும் இருக்கட்டு."

நான் கேட்காமல் அவரே சொன்னார். கடை ஆப்பின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். அது ஒரு நடுக்கம் நடுங்கிவிட்டுப் போயிற்று. அத்தை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அக்கவுண்ட் தப்பியது. பார்சல் நின்றது. டெலிவரிக்காரர் எங்கள் கேட்டைக் கடக்கும்போது மட்டும் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டுவார், எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு ஹாஸ்டல் பக்கம் போவார். அத்தை நாற்காலியை முன்வாசலில் போடுவதை விட்டுவிட்டார். அடுக்களையிலேயே இருந்தார். போனில் குரல் ஓடும். "கேட்டோ" என்று அவள் கேட்பாள். அத்தை இப்போது அதற்கும் பதில் சொல்வதில்லை. வீடு முழுக்க அந்தக் கேள்வி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்கு அதைக் கேட்கிறபோதெல்லாம் யாராவது பதில் சொல்லித் தொலையுங்களேன் என்று இருக்கும். வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், லாட்ஜில் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பேரைச் சொல்ல வேண்டியதுதானே, நாக்கு என்ன வாடகைக்கா கொடுத்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அத்தை காப்பி குடிக்கும்போது சொல்லப் பார்த்தேன். வாய் வரை வந்தது, 'அவ' என்றே விழுந்தது. கடைசியில் ஒரு நாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். சேலைகளுக்கு நடுவில் தலையை நுழைத்தேன். உள்ளே நாப்தலின் வாசனை, அவள் போடுகிற தேங்காய் எண்ணெய் வாசனை. வெளியே லாரி போவதே கேட்கவில்லை. அவள் எத்தனை நாள் இந்த இருட்டில் நின்று, யாரென்றே தெரியாத பெண்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறாள். அங்கே நின்று அவள் பேரைச் சொன்னேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாம் தடவை அழுகைதான் வந்தது. அப்புறம் வந்தது.

மறுநாள் கழக்கூட்டம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கேட்டின் கொண்டியில் கையை வைத்தவள் அப்படியே நின்றேன். உள்ளே அடுக்களையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகவில்லை. ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டு, அவள் பேரை முழுசாகக் கூப்பிட்டேன். பேருக்குப் பின்னால் மாமனாரின் இனிஷியலும் சேர்த்துக் கூப்பிட்டேன். எதிர்த்த ஹாஸ்டல் மாடியில் தலை காயவைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். அந்தப் பேரை இங்கே நான் எழுதவில்லை, அது வாசலில் நின்று சொல்கிற பேர்.

குழாய்ச் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஐயோ, விழுந்துவிட்டாரோ என்று மறுபடியும் கொண்டியில் கை வைத்தேன். அப்புறம் அத்தை சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நிற்பது நான்தான் என்று பார்த்தார். பார்த்தும் நடையை மாற்றவில்லை. நேராகக் கேட்டுக்கு வந்து நிமிர்ந்து நின்றார்.

"அவ இல்ல" என்றார். "நான் அவளுக்க அம்மை. தந்துட்டுப் போங்க."

மீன் பையை அவர் கையில் கொடுத்தேன். அத்தை பையைப் பிரித்து உள்ளே பார்த்தார்.

"சாளையா?"

"ஆமா அத்தை."

"பொடிசா இருக்கு. அவளுக்குப் பொடிசுதான் பிடிக்கும்" என்றார். பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். வாசற்படியில் கால் வைத்தவர் நின்றார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"நாளைக்கும் வந்து விளி, கேட்டோ."

அத்தை வாயில் அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"கேட்டேன் அத்தை" என்றேன்.